பி.ஓ.சி. தேர்வுக்கு அத்லெடிக் ட்ரெயினிங் மாணவர்களைத் தயார் செய்வது எப்படி

வகுப்பில் அவள்தான் முதல் மாணவி. முழங்காலுக்கு எத்தனை டெஸ்ட் இருக்கிறதோ அத்தனையும், கை வைக்கும் இடம், காலை மடக்கும் கோணம், எந்த லிகமெண்ட் (எலும்போடு எலும்பை இணைக்கும் நார்) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அமெரிக்காவில் அத்லெடிக் ட்ரெயினர் சான்றிதழுக்கான பி.ஓ.சி. தேர்வில் முதல் முறை அவள் தேர்ச்சி பெறவில்லை. அழுது முடித்த பிறகு இருவரும் உட்கார்ந்து மாதிரிக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம், ஒவ்வொன்றிலும் ஏன் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தாய் என்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. நான்கு விடைகளில் எது உண்மையான தகவல் என்று தேடிக்கொண்டிருந்தாள். பல கேள்விகளில் நான்குமே உண்மையான தகவல்தான். கேள்வி கேட்டது வேறு: இந்த ஆள் உங்கள் முன்னால் கிடக்கிறார், இந்த நிமிடம் முதலில் எதைச் செய்வீர்கள்? அந்தக் கேள்வியை இரண்டு வருடத்தில் நாங்கள் அவளிடம் போதுமான அளவு கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மாணவர்களைத் தயார் செய்யும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். ஆசிரியர்கள், பிரிசெப்டர்கள் (களப் பயிற்சியில் மாணவர்களை மேற்பார்வை செய்து கற்றுத் தருகிறவர்கள்), ஏற்கெனவே தேர்ச்சி பெற்று ஜூனியர்களுக்கு உதவுகிறவர்கள், எல்லோருக்காகவும் எழுதுகிறேன். மாணவர்களே படித்தாலும் நல்லதுதான்.

முதலில் தேர்வு எப்படிப்பட்டது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் அத்லெடிக் ட்ரெயினர் என்றால் ஜிம்மில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர் இல்லை. காயத்தைத் தடுப்பது, பரிசோதிப்பது, மைதானத்திலேயே அவசர சிகிச்சை தருவது, ரீஹேப் (மறுவாழ்வுப் பயிற்சி) செய்து மறுபடி ஆடவிடுவது வரை பார்க்கும் மருத்துவத் துறைப் பணியாளர். அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் இதை 1990-இல் ஒரு மருத்துவத் துணைத் தொழிலாக அங்கீகரித்தது. சான்றிதழ் தருவது போர்டு ஆஃப் சர்டிஃபிகேஷன் என்ற அமைப்பு, அதைத்தான் எல்லோரும் பி.ஓ.சி. என்கிறோம், 1989 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது. தேர்வு எழுத, இந்தத் துறைப் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் சி.ஏ.ஏ.டி.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது கடைசி செமஸ்டரில் இருந்து, உங்கள் புரோகிராம் டைரக்டர் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். 175 கேள்விகள், 4 மணி நேரம், தேர்வு மையத்தில் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். மதிப்பெண் 200-இலிருந்து 800 வரையிலான அளவுகோலில் வரும், 500 எடுத்தால் தேர்ச்சி. அந்த 175-இல் சில கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, எதிர்காலத் தேர்வுகளுக்காக அவற்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஆனால் எவை அவை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள், ஏனென்றால் கேள்விப்பட்டே இராத ஒரு விஷயம் 20-ஆவது கேள்வியாக வந்துவிட்டால் சில பிள்ளைகள் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த பத்துக் கேள்விகளையும் கோட்டை விடுகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

பெரும்பாலான மாணவர்கள் முதல் பாடத்திலிருந்து புத்தகத்தைத் திரும்பப் படிக்கத் தொடங்குவார்கள். அதை நிறுத்துங்கள். கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம் பி.ஓ.சி. வெளியிடும் பிராக்டிஸ் அனாலிசிஸ், அதாவது இந்தத் தொழிலில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். தேர்வுக் கேள்விகள் அதை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. ஐந்து பகுதிகள்: ஆபத்தைக் குறைத்தலும் நலவாழ்வும், பரிசோதனையும் நோயறிதலும், அவசர நிலைகளைக் கையாளுதல், சிகிச்சையும் ரீஹேபும், நிர்வாகமும் தொழில்முறைப் பொறுப்பும். ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சதவீதம் என்பதும் அதிலேயே இருக்கும். பரிசோதனையும் சிகிச்சையும்தான் பெரிய பங்கு, ஆனால் மற்ற மூன்றும் சேர்ந்தால் அலட்சியப்படுத்த முடியாத அளவு வரும்.

இதை அச்செடுத்து ஒவ்வொரு மாணவரிடமும் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் "கையால் செய்திருக்கிறேன்", "பார்த்திருக்கிறேன்", "படித்திருக்கிறேன்", "தெரியாது" என்று நான்கில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்ததைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், அதாவது தோள், முழங்கால், கணுக்கால் டெஸ்டுகள். நிர்வாகப் பகுதியில் பெரும்பாலும் "தெரியாது" என்றுதான் இருக்கும். எமர்ஜென்சி ஆக்‌ஷன் பிளான் எழுதுவது, ஒத்திகை பார்ப்பது, சிகிச்சைக் குறிப்பை எப்படிப் பதிவது, நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி யாரிடம் எதைச் சொல்லலாம், மாநிலச் சட்டம் எதை அனுமதிக்கிறது, இன்சூரன்ஸ் எப்படி வேலை செய்கிறது. இதெல்லாம் படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் குறைந்த நேரத்தில் அதிக மதிப்பெண் கூட்டித் தருவது இந்தப் பகுதிதான்.

அப்புறம், தயாரிப்பின் முதல் வாரத்திலேயே ஒரு முழுத் தேர்வு வையுங்கள். படித்து முடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று யாரையும் தள்ளிப் போட விடாதீர்கள். பி.ஓ.சி.யே சுயமதிப்பீட்டுத் தேர்வுகள் தருகிறது, அவற்றில் ஒன்றை இதற்கு வைத்துக்கொள்ளலாம், போதாத கேள்விகளை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். நான்கு மணி நேரம், ஒரே மூச்சில், போன் வெளியே. மதிப்பெண் மோசமாகத்தான் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நமக்கு வேண்டியது அந்தத் தவறுகள்.

தவறுகளைப் பிரித்துப் பாருங்கள்

மாணவருக்கு ஒரு நோட்டு வேண்டும். தப்பாகப் போன ஒவ்வொரு கேள்விக்கும் அதில் ஒரு வரி எழுத வேண்டும். சரியான விடையை எழுதுவதால் பெரிய பயன் இல்லை, ஏன் தப்பு வந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். என் அனுபவத்தில் காரணங்கள் மூன்று வகைதான்.

விஷயமே தெரியவில்லை என்பது ஒன்று. இதுதான் எளிது, போய்ப் படித்தால் போதும். விஷயம் தெரியும், ஆனால் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்பது இன்னொன்று. வயதைக் கவனிக்கவில்லை, "எது பொருந்தாது" என்பதை "எது பொருந்தும்" என்று படித்துவிட்டேன், காயம் பட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதை விட்டுவிட்டேன். இவருக்கு இன்னும் நூறு பக்கம் படிக்கச் சொல்வதில் அர்த்தமே இல்லை. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும் என்று இரண்டு வாரம் பழக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவதுதான் கடினமானது. இரண்டு விடை வரை வந்துவிட்டேன், அந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியவில்லை. நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு வரும் தவறு இது, நான் முதலில் சொன்ன மாணவியின் நோட்டில் பாதிக்கு மேல் இதுதான் இருந்தது. இதற்கு மருந்து புத்தகத்தில் இல்லை. முடிவெடுத்துப் பழக வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக் கேளுங்கள்

நான் செய்வதிலேயே அதிகம் பலன் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதம், அமெரிக்கன் ஃபுட்பால் சீசனுக்கு முந்தைய பயிற்சி, இரண்டாம் நாள். முழுக் கவசத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு வீரர் தள்ளாடி விழுகிறார். பேச்சு குழறுகிறது, எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. மலக்குடல் வெப்பநிலை 41.2 டிகிரி செல்சியஸ். ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டி பக்கத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஆறு நிமிடத்தில் வந்துவிடும். முதலில் என்ன செய்வீர்கள்?

மாணவர் "தொட்டியில் இறக்குவேன்" என்பார். அதோடு விடாதீர்கள். ஏன்? 40.5 டிகிரிக்கு மேல், கூடவே மூளை பாதிக்கப்பட்ட அறிகுறி, அதனால் இது எக்ஸெர்ஷனல் ஹீட் ஸ்ட்ரோக், அதாவது கடும் உடல் உழைப்பால் வரும் வெப்பத்தாக்கு. வெப்பநிலையை 30 நிமிடத்துக்குள் கீழே கொண்டுவந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், தாமதம் ஆக ஆக உறுப்புகள் கெடும். ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் ஏற்றி அனுப்பிவிடலாமா? கூடாது, முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுபோவது, சுமார் 38.9-க்கு வந்ததும் தொட்டியிலிருந்து எடுக்கலாம். வியர்வை இருக்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக் என்றால் தோல் காய்ந்து இருக்க வேண்டாமா? ஓடி விளையாடி வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் தோல் ஈரமாகவே இருக்கலாம், காய்ந்த தோலைத் தேடிக் காத்திருந்தால் ஆள் போய்விடுவார். காதில் வைத்து அளந்தால் என்ன? மைதானத்தில் உடல் உள்வெப்பத்தைக் காதும் வாயும் நெற்றியும் சரியாகக் காட்டாது, நம்பக்கூடியது மலக்குடல் அளவுதான்.

இப்போது ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். அதே வீரர், அதே மைதானம், ஆனால் இது தொடர்ந்து வேகமாக ஓடும் பயிற்சி, ஐந்தாவது ஓட்டத்தில் கால் பலமிழந்து மெல்லச் சரிகிறார், தெளிவாகப் பேசுகிறார், வலிக்கிறது என்கிறார், தசையைத் தொட்டால் பிடித்துக்கொண்டு இறுக்கமாக இல்லை, சாதாரணமாகத்தான் இருக்கிறது, வெப்பநிலையும் பெரிதாக ஏறவில்லை, அவருக்கு சிக்கிள் செல் ட்ரெய்ட் (ரத்தச் சிவப்பணுக்களின் வடிவத்தைப் பாதிக்கக்கூடிய மரபுக்கூறு) இருப்பதாகப் பதிவு இருக்கிறது. இப்போது என்ன? இனி ஓடவிடக் கூடாது, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், அவசர உதவியைக் கூப்பிட வேண்டும், ஏ.இ.டி. (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) கையருகில் இருக்க வேண்டும். சாதாரண தசைப்பிடிப்பு என்று நினைத்து நீட்டிவிட்டு மறுபடி அனுப்பினால் உயிருக்கே ஆபத்து.

மறுபடி மாற்றுங்கள். இப்போது இவர் நீண்ட தூர ஓட்டக்காரர், நான்கு மணி நேரமாக ஓடிக்கொண்டே வழி நெடுகத் தண்ணீர் குடித்திருக்கிறார், தலைவலி, வாந்தி, குழப்பம், விரல்கள் வீங்கி மோதிரம் இறுக்குகிறது, உள்வெப்பம் 38. சோர்ந்து கிடக்கிறாரே என்று இன்னும் தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும்? ரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே குறைந்திருக்கிறது, மேலும் குறையும், மூளை வீங்கும்.

இன்னும் ஒரு முறை. யாரும் இடிக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று விழுந்துவிட்டார், பதில் இல்லை, கைகால் லேசாக வெட்டுகிறது. வலிப்பு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தாக்குதல் இல்லாமல் விழுந்து பதில் தராத விளையாட்டு வீரர் என்றால், இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், சி.பி.ஆர்., ஏ.இ.டி., உடனே.

பாருங்கள், நான்கு பேருமே "மைதானத்தில் விழுந்தார்" என்றுதான் தொடங்குகிறார்கள். மாணவர் நான்கையும் தனித்தனிப் பாடமாகப் படித்திருப்பார், நான்கும் தனித்தனியாகத் தெரியும். எந்த ஒரு குறிப்பு ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். தேர்வு அந்த ஒரு குறிப்பைத்தான் கேட்கிறது. மைதானமும் அதைத்தான் கேட்கும், நேரமும் தராது, அதனால்தான் எனக்கு இந்தத் தேர்வின் மேல் மரியாதை உண்டு.

முழங்காலுக்கும் இதே மாதிரி செய்யலாம். வால்கஸ் டெஸ்ட் (முழங்காலை உள்பக்கமாகத் தள்ளிப் பார்ப்பது) 30 டிகிரி மடக்கிச் செய்தால் தளர்வு தெரிகிறது, நேராக வைத்துச் செய்தால் இறுக்கமாக இருக்கிறது, என்ன அர்த்தம்? பெரும்பாலும் முழங்காலின் உள்பக்க லிகமெண்டான எம்.சி.எல். மட்டும். நேராக வைத்தாலும் தளர்ந்தால்? பின்பக்க உள் கேப்ஸ்யூல், க்ரூஷியேட் லிகமெண்டுகள் வரை யோசிக்க வேண்டும். முன் க்ரூஷியேட் லிகமெண்டைச் சோதிக்கும் இரண்டு டெஸ்டுகளில் ஆண்டீரியர் டிராயர் நெகட்டிவ், லாக்மேன் பாசிட்டிவ், எதை நம்புவீர்கள்? ஏன்? லாக்மேனைத்தான், ஏனென்றால் டிராயர் டெஸ்ட் செய்யும் 90 டிகிரியில் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும், வீங்கிய முழங்கால் அவ்வளவு மடங்காது, மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் ஆப்பு மாதிரி தடுக்கும் என்று காரணத்தோடு சொல்லும் மாணவர், அந்த இரண்டு டெஸ்டையும் எந்த வடிவத்தில் கேட்டாலும் தடுமாற மாட்டார்.

கணுக்கால் என்றால் எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க உதவும் ஆட்டவா விதி. வெளி, உள் மேலியோலஸ் (கணுக்கால் முட்டு) எலும்பின் பின் விளிம்பில் கடைசி 6 செ.மீ. அல்லது நுனி, ஐந்தாவது மெட்டாடார்சலின் அடி, நாவிகுலர் ஆகிய இடங்களில் தொட்டால் வலி, அல்லது நான்கு எட்டு வைக்க முடியாமை. இந்த விதி எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்வதற்குப் பயன்படுகிறதா, எலும்பு முறிவு இருக்கிறது என்று உறுதி செய்வதற்கா என்று கேளுங்கள். சென்சிடிவிட்டி அதிகமான, அதாவது பாதிப்பு இருந்தால் பெரும்பாலும் தவறவிடாத டெஸ்ட் நெகட்டிவ் என்றால் முறிவு இல்லை என்று ஓரளவு தைரியமாக விலக்கலாம், பாசிட்டிவ் என்றால் முறிவு என்று அர்த்தமில்லை. சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி (பாதிப்பு இல்லாதவரை இல்லை என்றே காட்டும் திறன்) இரண்டையும் வரையறையாகச் சொல்லும் மாணவர்கள் இந்தக் கேள்வியில் திணறுவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

சிகிச்சைப் பகுதிக்கு எண்களை மட்டும் கொடுக்காதீர்கள்

அல்ட்ராசவுண்ட் என்றால் 1 மெகாஹெர்ட்ஸ், 3 மெகாஹெர்ட்ஸ் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். எது ஆழம் போகும் என்பதில் குழப்பம் வரும், எண் பெரிதாக இருப்பதால் 3-தான் ஆழம் போகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு: அதிர்வெண் கூடக் கூட மேல் திசுவிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், அதனால் 3 மேலோட்டமான இடத்துக்கு, 1 ஆழமான தசைக்கு. காரணம் தெரிந்துவிட்டால் எண் மறக்காது. கேட்கும் கேள்வியும் "எந்த அளவு" என்று இருக்க வேண்டாம். காயம் பட்டு எத்தனையாவது நாள், திசு இப்போது வீக்கக் கட்டத்தில் இருக்கிறதா, புதிய திசு கட்டும் கட்டத்திலா, உறுதிப்படும் கட்டத்திலா, எவ்வளவு ஆழம், இவருக்கு இதைச் செய்யவே கூடாது என்று எதாவது இருக்கிறதா. இந்த வரிசையில் யோசித்தால் நான்கு விடைகளில் இரண்டு தானாகவே விழுந்துவிடும்.

இன்னொன்று, பழைய குறிப்புகளை வைத்துப் படிக்க விடாதீர்கள். கன்கஷன் (அடிபட்டு மூளை அதிர்வது) நல்ல உதாரணம். அறிகுறி முழுக்கப் போகும் வரை இருட்டறையில் படுத்திரு என்று சொன்ன காலம் போய்விட்டது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பேசி 2023-இல் வெளியான சர்வதேச ஒருமித்த அறிக்கையின்படி முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, கூடவே நடப்பது போன்ற லேசான அசைவு; மெல்ல உடற்பயிற்சி தொடங்கும்போது அறிகுறி கொஞ்சம் கூடினாலும், 10-க்கு 2 புள்ளிக்கு மேல் போகாமல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். அன்றே ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை. சீனியர்களின் நோட்ஸ் கைமாறி வரும்போது இந்த மாதிரி இடங்களில்தான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள்.

படிக்கும் முறை

திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்த மாதிரி ஒரு உணர்வைத் தரும், அது ஆபத்தான உணர்வு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியைத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதை மாணவர்களிடம் சொல்லிவிட்டு, ஹைலைட்டரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் தோள்பட்டையைச் சுற்றியுள்ள தசைகளை வரைந்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு என்று எழுதிவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்க்கட்டும். நான்கு நாள் கழித்து மறுபடி. பத்து நாள் கழித்து மறுபடி.

ஒரு வாரம் முழுக்கத் தோள், அடுத்த வாரம் முழுக்க முழங்கால் என்றும் வைக்காதீர்கள். தேர்வில் கேள்விகள் கலந்துதான் வரும். தினமும் இருபது கேள்வி, ஐந்து பகுதியிலிருந்தும் கலந்து, அது போதும். இருபது கேள்வி போட அரை மணி நேரம், அவற்றைப் பேசித் தீர்க்க ஒன்றரை மணி நேரம். இந்த விகிதம் முக்கியம். ஆயிரம் கேள்வி போட்டேன் என்று சொல்லும் மாணவர் பெரும்பாலும் ஆயிரம் விடையைப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். சரியாகப் போட்ட கேள்வியிலும் மற்ற மூன்று விடைகள் ஏன் தப்பு, எந்தச் சூழ்நிலையில் அவை சரியாகும் என்று சொல்லச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு முறை மாணவர்களையே கேள்வி எழுதச் சொல்லுங்கள். சரியான விடையை எழுதுவது எளிது. தவறான மூன்று விடைகளை, படித்தவரையும் தடுமாற வைக்கும்படி எழுதுவதற்குத்தான் அந்தப் பாடம் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிசெப்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுத் தயாரிப்பு கல்லூரியின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். மாணவர் ஒருவரைப் பரிசோதித்து முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன என்று நினைக்கிறாய், வேறு என்னவாக இருக்கலாம், எந்த ஒரு விஷயம் வேறாக இருந்திருந்தால் உன் முடிவு மாறியிருக்கும்? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அமைதியாக இருப்பது கஷ்டம்தான், இருந்தாலும் மாணவர் யோசிக்கும் அந்த இருபது விநாடியை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். ஒரு ரொட்டேஷனில் (களப் பயிற்சிக் காலத்தில்) இப்படி நூறு முறை நடந்தால் எந்தத் தயாரிப்பு வகுப்பும் அதற்கு ஈடாகாது.

கேள்வி வகைகளும் மொழியும்

ஒரு விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மட்டும் இல்லை. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் வரும். அவற்றில் ஒவ்வொரு விடையையும் தனி "ஆமா, இல்லை" கேள்வியாக எடுத்துக்கொள்ளப் பழக்குங்கள், இத்தனை இருக்கும் என்று எண்ணிக்கையை ஊகிக்க வேண்டாம். இழுத்து வரிசைப்படுத்தும் கேள்விகளுக்கு, செய்முறையின் படிகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் போதும். படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டும் கேள்விகளுக்குப் பெயர் போடாத படங்களை வைத்துப் பழகணும். ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்து அதைச் சுற்றிப் பல கேள்விகள் கேட்பதும் உண்டு, அதில் கதையை நிதானமாகப் படிப்பது நேர விரயம் இல்லை.

வீட்டு மொழி ஆங்கிலம் அல்லாத மாணவர்களிடம் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். மருத்துவச் சொற்களில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் ஃபர்ஸ்ட், பெஸ்ட், மோஸ்ட் லைக்லி, மோஸ்ட் அப்ரோப்ரியேட், எக்ஸெப்ட் போன்ற சின்னச் சொற்களில்தான். ஃபர்ஸ்ட் என்றால் நேர வரிசையில் முதல் வேலை, பெஸ்ட் என்றால் இருப்பதில் சிறந்தது, மோஸ்ட் லைக்லி என்றால் மற்றவையும் சாத்தியம், ஆனால் இதற்கே வாய்ப்பு அதிகம். ஒரே கேள்வியை எடுத்து இந்தச் சொல்லை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டு, விடை எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள். ஒரு மதியம் செலவிட்டால் போதும்.

கடைசி இரண்டு வாரமும் தேர்வு நாளும்

புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். தவறு நோட்டை மட்டும் புரட்டட்டும். இன்னும் ஒரு முழுத் தேர்வு, உண்மையான தேர்வு எந்த நேரத்தில் தொடங்குமோ அதே நேரத்தில்.

175 கேள்விக்கு 240 நிமிடம் என்றால் ஒன்றுக்குச் சுமார் 82 விநாடி. இதைக் கேள்விக்குக் கேள்வி பார்த்துக்கொண்டிருந்தால் பதற்றம்தான் மிஞ்சும், அதனால் ஒரு மணி நேரத்துக்கு 50 கேள்வி என்று சொல்லிக் கொடுங்கள். மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அரை மணி நேரம் கையில் இருக்கும். தெரியாவிட்டாலும் எதையும் காலியாக விடக் கூடாது, தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. விடையை மாற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். புதிதாக ஒரு குறிப்பைக் கவனித்தேன் என்று காரணம் சொல்ல முடிந்தால் மாற்றட்டும், வெறும் பயத்தில் மாற்ற வேண்டாம். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாக அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருக்கும் நம் பிள்ளைகள். முந்தைய இரவு தூங்கட்டும். அவ்வளவுதான்.

தேர்ச்சி பெறாவிட்டால்

சி.ஏ.ஏ.டி.இ. ஒரு புரோகிராமின் மூன்று வருட முதல் முறைத் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கிறது, 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதனால் கல்லூரிகளுக்கு அழுத்தம் இருக்கிறது, அந்த அழுத்தம் மாணவர் மேல் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. தேர்ச்சி பெறாதவரிடம் முதல் நாள் பாடம் பேசாதீர்கள். நேரில் போங்கள், அல்லது போனில் கூப்பிடுங்கள், குறுஞ்செய்தியோடு நிறுத்தாதீர்கள். தேர்வு ஆண்டில் குறிப்பிட்ட காலங்களில் மட்டும்தான் நடக்கும், அடுத்த வாய்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில்தான் பலர் மனம் உடைந்து பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு எந்தப் பகுதியில் குறைந்தது என்று சேர்ந்து பாருங்கள், பழைய தவறு நோட்டைத் திறந்து எந்த வகைத் தவறு அதிகம் என்று எண்ணுங்கள், அந்த ஒரு வகைக்கு மட்டும் திட்டம் போடுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வைத்தால் அதே தவறுகள்தான் திரும்ப வரும்.

அந்த மாணவிக்கும் நாங்கள் இதைத்தான் செய்தோம். புதிதாக ஒரு பாடமும் படிக்கவில்லை. வாரத்துக்கு மூன்று மாலை, போனில், நான் ஒரு சூழ்நிலையைச் சொல்வேன், அவள் முடிவைச் சொல்வாள், நான் ஒரு விஷயத்தை மாற்றுவேன். அடுத்த முறை தேர்ச்சி பெற்றாள். இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேலை செய்கிறாள், பிரிசெப்டராகவும் இருக்கிறாள், போன மாதம் அவளுடைய மாணவன் ஒருவனுக்காக என்னிடம் புதிய சூழ்நிலைகள் நான்கு கேட்டு வாங்கிக்கொண்டாள்.